இருபத்தைந்தாயிரமும் ஒரு வெள்ளைத்தாளும்

என் மாமா ஒரு கொத்தனார். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றி இருக்கும் பாதி வீடுகளில் அவர் கை பட்டிருக்கும். 2023-ஆம் வருடம் ஐப்பசியில் ஒருநாள் வேலை முடிந்து டிவிஎஸ் வண்டியில் வந்துகொண்டிருந்தார். எதிரே வந்த கார் ஒன்று பேருந்தை முந்துவதற்காக வலது பக்கம் ஏறி வந்து அவரை அடித்தது. தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. அரசு மருத்துவமனையில் கம்பி வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை.

காரை ஓட்டியவர் ஓடிப்போகவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவரே ஆம்புலன்ஸை அழைத்தார். மறுநாள் ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனில் இருந்து ஏட்டு வந்தார். "கேஸு கோர்ட்டுன்னு பத்து வருஷம் அலைவியா? அவரும் புள்ளகுட்டிக்காரர். நீயும் ஹெல்மெட் போடல, உன் மேலயும் கேஸ் வரும். பேசி முடிச்சுக்கங்க" என்றார். பேசி முடித்தார்கள். 25,000 ரூபாய். ஒரு வெள்ளைத்தாளில், "இனி எனக்கு எந்தப் புகாரும் இல்லை, மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதி மாமா கையெழுத்துப் போட்டார். எஃப்.ஐ.ஆர். போடப்படவில்லை.

இன்று மாமாவுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. நடக்கிறார். ஆனால் சாரம் ஏற முடியாது, உட்கார்ந்து தரை போட முடியாது. சாரம் ஏற முடியாத கொத்தனாரை யார் கூப்பிடுவார்கள்? ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவலாளியாக இருக்கிறார். அந்த 25,000 ரூபாய் முதல் இரண்டு மாதத்திலேயே கரைந்துவிட்டது.

நான் சட்டம் படிப்பவன் இல்லை. பி.எஸ்சி. கணிதம். ஆனால் என் பள்ளித் தோழன் ஒருவன் திருச்சியில் சட்டம் படிக்கிறான். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் மாமாவைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, க்ளெய்ம் போடலையா?" என்று கேட்டான். அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. அவன் தந்த புத்தகங்களையும் தீர்ப்புகளையும் படிக்கப் படிக்க எனக்கு வந்தது கோபம். காரை ஓட்டியவர் மேல்கூட இல்லை. இது எதுவுமே தெரியாமல் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போய்வந்தோமே என்று எங்கள் எல்லோர் மேலும்தான்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு மாணவன் என்பதால் கணக்கில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாலை விபத்தில் காயம்பட்டவர்களுக்கு இழப்பீடு வாங்கித்தருவதற்கென்றே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி அங்கே மனுப் போடலாம். எவ்வளவு தருவார்கள் என்பது நீதிபதியின் மனநிலையைப் பொறுத்த விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சர்லா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் வயதுக்கு ஏற்ற ஒரு பெருக்கல் எண் பட்டியலைக் கொடுத்தது. 21 முதல் 25 வயது வரை 18, 36 முதல் 40 வரை 15, 56 முதல் 60 வரை 9 என்று அது இறங்கிக்கொண்டே போகும். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இன்னொன்றையும் சேர்த்தது. மனிதனின் வருமானம் அப்படியே நிற்பதில்லை, வளரும். ஆகவே சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால் வருமானத்தோடு 40 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். அவை சாவு வழக்குகளில் வந்த தீர்ப்புகள்தான். ஆனால் நிரந்தர ஊனம் ஏற்பட்டவர்களுக்கும் அதே முறையில்தான் வருமான இழப்பைக் கணக்கிடுகிறார்கள்.

இப்போது மாமாவின் கணக்கு. வயது 38. நாள் கூலி 900 ரூபாய், மாதம் இருபது நாள் வேலை. ரசீது எதுவும் இல்லாததால் தீர்ப்பாயம் குறைத்துத்தான் எடுக்கும். 15,000 என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,80,000. அதோடு 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. பெருக்கல் எண் 15. ஆக 37,80,000. உழைக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் 15,12,000 ரூபாய். இது வருமான இழப்புக்கு மட்டும். மருத்துவச் செலவு, பட்ட வலி, படுக்கையில் கிடந்த மாதங்களின் கூலி, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் தனி.

நீதிபதி சதவீதத்தைக் குறைக்கலாம், வருமானத்தைக் குறைக்கலாம். பாதியாகவே குறைத்தாலும் ஏழரை லட்சம். மாமா வாங்கியது 25,000.

சரி, வழக்கு வாதம் எதுவும் வேண்டாம், யார் மேல் தப்பு என்றே நிரூபிக்க வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 164-ஆம் பிரிவின்படி, மோட்டார் வாகனத்தால் கொடுங்காயம் அடைந்தவருக்கு யார் கவனக்குறைவு என்று பார்க்காமலே 2,50,000 ரூபாய், இறந்தால் 5,00,000 ரூபாய். எலும்பு முறிவு என்றாலே சட்டப்படி அது கொடுங்காயம்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று. மோதிவிட்டு நிற்காமல் ஓடிப்போன வண்டி எது என்றே தெரியாவிட்டால்கூட, அரசு நிதியில் இருந்து கொடுங்காயத்துக்கு 50,000, சாவுக்கு 2,00,000 ரூபாய் கிடைக்கும். அதாவது அந்தக் கார்க்காரர் ஓடிப்போயிருந்தால்கூட மாமாவுக்கு இரண்டு மடங்கு கிடைத்திருக்கும்! நல்லவராக நின்று, ஆப்பிள் வாங்கிக்கொடுத்ததில் பாதியாகிவிட்டது.

யார் பணம் அது?

மாமாவிடம் நான் இதையெல்லாம் சொன்னபோது அவர் சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை. "அந்தப் பையன் நல்லவன்டா. அவன்கிட்ட போய் லட்ச லட்சமா கேட்டா பாவம் இல்லியா?"

இந்த ஒரு கேள்வியில்தான் நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களின் உரிமை செத்துப்போகிறது என்று நினைக்கிறேன். நண்பர்களே, அது அந்தப் பையனின் பணமே இல்லை!

சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 146-ஆம் பிரிவு. 'மூன்றாம் நபர்' என்று அங்கே சொல்லப்படுவது வேறு யாரும் அல்ல, என் மாமாதான். அந்தக் கார்க்காரர் வருடா வருடம் பிரீமியம் கட்டியது, தன் வண்டியால் இப்படி ஒரு மாமா அடிபட்டால் அவருக்குக் கொடுப்பதற்காகத்தான். காப்பீட்டு நிறுவனம் அந்தப் பணத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டது. மாமா மனுப் போட்டிருந்தால் இழப்பீட்டை நிறுவனம் கொடுத்திருக்கும். கார்க்காரர் ஸ்டேஷனில் தன் கைக்காசில் இருந்து கொடுத்த அந்த 25,000 ரூபாயும் அவருக்கு மிச்சமாகியிருக்கும்.

ஆகவே அந்த 'சமாதானம்' யாருக்கு லாபம்? மாமாவுக்கு நஷ்டம். கார்க்காரருக்கும் நஷ்டம். லாபம் பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு பைசாகூடக் கொடுக்காமல் தப்பித்த நிறுவனத்துக்கு. அந்த நிறுவனத்துக்கு இப்படி ஒரு விபத்து நடந்ததே தெரியாது. இரண்டு சாதாரண மனிதர்கள் ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டுக்கொண்டு மூன்றாவதாக ஒருவருக்கு லட்சக்கணக்கில் தானம் கொடுத்திருக்கிறார்கள்.

"எல்லாம் விதி"

விபத்து நடந்ததும் நம் வீடுகளில் வரும் முதல் வார்த்தை "நேரம் சரியில்லை". அடுத்து "உயிர் தப்பிச்சதே பெருசு". எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அத்தை குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். நேர்ந்துகொள்வதில் தப்பில்லை. ஆனால் விதி என்று சொல்லும்போதே, தவறு செய்தவரின் பொறுப்பை எடுத்துக் கடவுளின் தலையில் வைத்துவிடுகிறோம். பேருந்தை முந்தியது விதி அல்ல. ஒரு மனிதர் எடுத்த முடிவு.

கவனக்குறைவு என்பதற்குச் சட்டம் தரும் பொருளை நான் ஒரு நத்தையின் கதையில் இருந்துதான் புரிந்துகொண்டேன். 1928-இல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் மே டொனஹ்யூ என்ற ஏழைப் பெண் ஒரு கடைக்குப் போனார். தோழி அவருக்கு ஒரு பாட்டில் ஜிஞ்சர் பீர் வாங்கிக்கொடுத்தார். பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று பாட்டிலில் இருந்து விழுந்ததாகவும், அதனால் தனக்கு உடம்புக்கு முடியாமல் போனதாகவும் அவர் வழக்குப் போட்டார். காசு கொடுத்தது தோழி. எனவே கம்பெனிக்கும் இவருக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. எந்த உரிமையில் கேட்கிறாய் என்றது கம்பெனித் தரப்பு. வழக்கு பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போனது. வழக்குச் செலவுக்குக்கூட வழியில்லாதவர் என்று அறிவித்துக்கொண்டுதான் அந்தப் பெண் அங்கே வழக்காட முடிந்தது. 1932-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. நாம் செய்யும் ஒரு காரியத்தால் யாருக்குத் தீங்கு வரும் என்று முன்கூட்டியே யோசித்துப் பார்க்க முடியுமோ அவர்கள் எல்லோரும் நமக்கு அண்டை வீட்டார், அவர்கள் விஷயத்தில் கவனமாக இருப்பது நம் கடமை என்று அட்கின் பிரபு சொன்னார்.

எவ்வளவு எளிமையான விஷயம் பாருங்கள். பேருந்தை முந்தும்போது எதிரே ஒருவர் வருவார் என்று யோசித்துப் பார்க்க முடியுமா, முடியாதா? முடியும் என்றால் பொறுப்பு உண்டு. அவ்வளவுதான்.

சாலை மட்டும் இல்லை. 1997-இல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு தொழிலாளி மழை பெய்த இரவில் சைக்கிளில் வீடு திரும்பும்போது, சாலையில் தேங்கிய தண்ணீரில் கிடந்த மின்கம்பியில் மாட்டி இறந்துபோனார். யாரோ திருட்டுத்தனமாக மின்சாரம் எடுக்கப்போய்க் கம்பி விழுந்தது, எங்கள் தவறு இல்லை என்றது மின்வாரியம். 2002-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மின்சாரம் போன்ற ஆபத்தான பொருளைக் கையாள்பவருக்கு, கவனக்குறைவு இருந்ததோ இல்லையோ, அதனால் வரும் தீங்குக்குப் பொறுப்பு உண்டு என்றது.

மருத்துவத்திலும் அப்படியே. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணின் விழித்திரை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. உரிய காலத்தில் கண்ணைப் பரிசோதித்தால் காப்பாற்றலாம். பரிசோதிக்கவும் இல்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. அந்தத் தகப்பன் விடவில்லை. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் வந்தது, பார்வை வரவில்லைதான். ஆனால் அவர் விதி என்று உட்கார்ந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

மறுப்புகள்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் விஷயங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும் அல்லவா?

முதலாவது, "வழக்குப் போட்டால் வக்கீல் பாதியை எடுத்துக்கொள்வார்". இது பல இடங்களில் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வது நம் நாட்டில் வழக்கறிஞர்களுக்கான விதிகளுக்கே எதிரானது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மேலும், 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் எல்லோருக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத்தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

இரண்டாவது, "பத்து வருஷம் இழுக்கும்". இழுக்கும் வழக்குகள் உண்டு. மேலே சொன்ன கண் வழக்கு பிறப்பில் இருந்து எண்ணினால் கிட்டத்தட்ட பத்தொன்பது வருடம். இது வெட்கக்கேடுதான். ஆனால் விபத்து வழக்குகள் பல லோக் அதாலத்தில் பேசி முடிக்கப்படுகின்றன. பேசி முடிப்பது என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கே, யார் முன்னால், என்ன தெரிந்துகொண்டு பேசுகிறோம் என்பதுதான் கேள்வி. நீதிபதி முன்னால், காப்பீட்டு நிறுவனத்தை எதிரே உட்காரவைத்துப் பேசுவது வேறு. கால் கட்டோடு படுத்திருக்கும்போது ஏட்டு முன்னால் பேசுவது வேறு.

மூன்றாவது, "ஹெல்மெட் போடல, உன் மேலயும் தப்பு". ஹெல்மெட் போடாததற்கு அபராதம் போடலாம், போட வேண்டும். ஆனால் உடைந்தது மண்டை இல்லையே, தொடை அல்லவா! ஒரு விதியை மீறியது மட்டுமே இழப்பீட்டைக் குறைக்கக் காரணம் ஆகாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கோ காயத்துக்கோ தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020-இல் ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நான்காவது, "பொய் வழக்குகள் பெருகும்". நடக்காத விபத்துக்கு நஷ்டஈடு கேட்கும் கூட்டமும் இருக்கத்தான் செய்கிறது. பிடித்து உள்ளே போடட்டும். ஆனால் கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காக யாரும் கூலியை வாங்காமல் இருப்பதில்லை.

சட்டத்தின் மேல் என் கோபம்

சட்டத்தைப் புகழ்ந்துகொண்டே போனால் அதுவும் நேர்மையாகாது. எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன.

ஒன்று, கணக்கே வருமானத்தை வைத்துத்தான். அதே தொடை, அதே கம்பி. மாமாவுக்கு ஒரு விலை, ஐ.டி. கம்பெனி மேலாளருக்கு வேறு விலை. இழந்த வருமானத்தை ஈடு செய்வதுதான் நோக்கம் என்பதால் வேறு வழியில்லை என்கிறான் என் தோழன். எனக்கு முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் நீதிமன்றங்களும் இதை உணராமல் இல்லை. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல உதாரணம் சொன்னது. இடது கை போய்விட்டால் அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமல் இருக்கலாம். ஆனால் அதுவே ஓட்டுநருக்கோ தச்சருக்கோ என்றால் பிழைப்பு மொத்தமாகவே போய்விடும். ஆகவே டாக்டர் எழுதும் ஊன சதவீதத்தை மட்டும் பார்க்காதே, அந்த மனிதன் செய்த வேலையைப் பார் என்றது. கொத்தனாரின் காலுக்கு இதைவிட நல்ல தீர்ப்பு வேண்டுமா?

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இன்னும் மோசமாக இருந்தது. சம்பளம் இல்லாத இல்லத்தரசியின் உழைப்பைக் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று சட்டத்தின் அட்டவணையே மதிப்பிட்டிருந்தது! 2010-இல் அருண் குமார் அகர்வால் வழக்கிலும், 2021-இல் கீர்த்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வீட்டு வேலையும் உழைப்புதான், அதற்கும் மதிப்பு உண்டு, அவர்களுக்கும் எதிர்கால வளர்ச்சியைச் சேர்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அத்தை காலை நாலரைக்கு எழுந்து இரவு பத்துக்குப் படுப்பதைப் பார்த்த எவருக்கும் இது தீர்ப்பு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது குறைதான் எங்களை அடித்தது. 2019 திருத்தம் கொண்டுவந்த 166-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். 2022 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, 1994 திருத்தத்திலிருந்து, இப்படிக் கெடு எதுவும் இருக்கவில்லை. ஆறு மாதம் என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து சட்டம் எழுதுபவருக்கு நீண்ட காலமாகத் தெரியலாம். தொடை முறிந்தவனுக்கு ஆறு மாதம் என்பது கட்டு பிரித்து, ஊன்றுகோல் விட்டு, இனி சாரம் ஏற முடியாது என்று தெரியவரும் காலம். இழப்பு எவ்வளவு என்று தெரியும் நாளில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இதை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அவை முடியும்வரை ஆறு மாதக் கெடுவைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. எங்கள் நம்பிக்கை இப்போது அந்த உத்தரவில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே 2022 விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி தீர்ப்பாயத்துக்கு முதல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன உரிமை என்று அச்சடித்த படிவத்தைப் பத்து நாளுக்குள் கையில் கொடுக்க வேண்டும். காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சட்டம் ஸ்டேஷனை வழிகாட்டியாக வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் அந்த வழிகாட்டிதான் வெள்ளைத்தாளை நீட்டினார்.

என்ன செய்ய வேண்டும்?

நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாக எழுதுகிறேன். யாருக்காவது, என்றைக்காவது உதவும்.

முதலில் உயிர். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரைப் பெயர் சொல், சாட்சிக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு வாங்கக்கூடாது. மத்திய அரசின் 2025-ஆம் வருடத் திட்டத்தில் ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை.

அடுத்து, மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். "கீழே விழுந்தார்" என்று எழுதினால் அங்கேயே வழக்கு பாதி போச்சு. எந்த வண்டி மோதியது என்று எழுதச் சொல்லுங்கள்.

பிறகு எஃப்.ஐ.ஆர். இதற்கு மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டியின் எண், முடிந்தால் காப்பீட்டு விவரம், இடத்தின் புகைப்படம், பார்த்தவர்களின் பெயர். மருந்துச் சீட்டு, ஆட்டோ செலவு உட்பட எல்லா ரசீதும். ஊனம் நிலைத்துவிட்டால் மருத்துவக் குழுவின் சான்றிதழ். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்று இல்லை, நாம் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

மருத்துவமனை, கடை, நிறுவனம் என்று காசு கொடுத்துப் பெற்ற சேவையில் தவறு என்றால் நுகர்வோர் ஆணையம். 1995-இல் வந்த தீர்ப்பிலிருந்து மருத்துவச் சேவையும் அதற்குள் வரும். அங்கே கெடு இரண்டு வருடம்.

கடைசியாக, படுக்கையில் இருக்கும்போது எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளைத்தாள் என்றால் கண்டிப்பாகப் போடாதீர்கள்.

மாமா என்ன சொன்னார்

போன மாதம் தோழனையும் கூட்டிக்கொண்டு மாமாவிடம் மறுபடி பேசினோம். எஃப்.ஐ.ஆர். இல்லை என்பது பெரிய ஓட்டை. ஆனால் மருத்துவமனைப் பதிவேட்டில் "எதிரே வந்த கார் மோதியதாகக் கூறுகிறார்" என்று இருக்கிறது. அந்த வெள்ளைத்தாளிலேயே காரின் எண்ணும், ஓட்டியவர் பணம் கொடுத்ததும் எழுதியிருக்கிறது. நம்மைக் கட்டிப்போட எழுதிய தாளே விபத்து நடந்ததற்குச் சாட்சி ஆகும் என்று தோழன் சொன்னான். ஜெயிக்குமா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் போட வேண்டிய வழக்கு என்றான்.

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டா கேவலமா இருக்காதாடா?" என்றார்.

நான் அவரிடம் கேட்டேன். "மாமா, நீங்க கட்டின வீட்டுல செவுரு விரிசல் விட்டா வீட்டுக்காரர் உங்களக் கூப்பிட்டுக் கேப்பாரா மாட்டாரா?"

"கேப்பாரு. கேக்கணும்ல? என் வேல தானே அது."

"அப்ப கேக்கிறது கேவலமா?"

அவர் சிரித்துவிட்டார். அத்தைதான் உள்ளே போய், பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்த மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்துவந்து தோழனின் கையில் கொடுத்தார். மூன்று வருடக் கட்டு. ரப்பர் பேண்டு இற்றுப்போய் தொட்டதும் அறுந்துவிட்டது. ஒரு சீட்டுக்கூடத் தொலையவில்லை.

அடுத்த வாரம் சட்டப்பணிகள் அலுவலகத்துக்குப் போகிறோம்.